காணவில்லை விளம்பரத்துக்கு முன்னால்

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில் வில்கமுவவுக்குப் போயிருந்தேன். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கையையும் வஸ்கமுவ தேசியப் பூங்காவையும் அண்டிக் கிடக்கும் பிரதேசம் அது. கண்டியிலிருந்து போவதானால், பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதையில் இறங்கி, ஹசலக்கவில் வடக்கே திரும்பி, ஹெட்டிபொலவைச் சென்றடைய வேண்டும். யானைகளைப் பற்றி எழுதுவதற்காகவே போனேன். நெல்லும் சோளனும் விளையும் அந்த மண்ணில், பயிர் முற்றும் காலம் முழுவதும் விவசாயிகள் பரணில் ஏறி, யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். யானையைத் தேடிப் போனவன் ஒரு தகப்பனைச் சந்தித்துவிட்டுத் திரும்பினேன். இன்று அவரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஹெட்டிபொலவில் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தபோது, பத்திரிகைக்காரன் வந்திருக்கிறான் என்று அறிந்து பலர் வந்து யானையின் அழிவுகளைச் சொல்லிப் போனார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும், எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அருகில் வந்தார்.

"மாத்தயாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கண்ணாடி வெடித்த கைப்பேசி ஒன்றை நீட்டினார். திரையில் ஒரு புகைப்படம். பொறியியல் பீடம் ஒன்றில் முதலாம் வருடம் படிக்கும் அவருடைய மகனின் முதற் பருவப் பெறுபேறு. ஆறு பாடங்கள். ஒரு 'சி பிளஸ்', இரண்டு 'சி', ஒரு 'சி மைனஸ்', ஒரு 'டி', ஒரு 'ஈ'. வேறு யாரிடமிருந்தும் கசிந்து வந்த செய்தியன்று அது. மகனே படமெடுத்துத் தகப்பனுக்கு அனுப்பியிருக்கிறான்.

"உயர்தரத்தில் இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்தவன், மாத்தயா. இதில் எங்கே தேடியும் ஒரு ஏ கூட இல்லை."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஏ' என்ற எழுத்தின் வடிவம் தெரியும். படம் வந்த அன்று அந்த ஒரு வடிவத்தைத் தேடியிருக்கிறார். அகப்படவில்லை. உடனே மகனை அழைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிவிட்டு, கடைசியில், "இந்தப் பெறுபேற்றோடு புத்தாண்டுக்கு வீட்டுப் பக்கம் வராதே" என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளை சொற்கேட்டான். வரவில்லை. கைப்பேசியையும் நிறுத்திவிட்டான். பெற்றோருக்கு வெற்றிலை கொடுத்து வணங்க வேண்டிய நாளில் வீட்டில் அவன் இருக்கவில்லை. தாய் பாற்சோற்றைத் தொடவில்லையாம். நான் அவரைச் சந்தித்தது பதினோராம் நாள்.

நான் ஒவ்வோர் எழுத்தாக விளக்கினேன். 'சி' என்றால் தேறிவிட்டான். 'சி மைனஸ்' சற்றுக் குறைவு. 'டி' பலவீனம். 'ஈ' ஒன்றுதான் தவறியது, அதைத் திரும்ப எழுதலாம். அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் அவன் முழுவதும் பெயில் இல்லையா?"

"இல்லை. ஒன்றில் மட்டும்."

"வாசிக்கத் தெரியாமல் ஏசிவிட்டேனே, மாத்தயா."

இதை எழுதும்போதும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. அவருக்காவது ஒரு நியாயம் உண்டு. அந்த எழுத்துகளை வாசிக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நமக்கு, பட்டங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நமக்கு, என்ன நியாயம் இருக்கிறது? நாமும் அதே 'ஏ'யைத்தானே தேடுகிறோம்? அது அகப்படாதபோது அவர் சொன்னதைத்தானே, இன்னும் நாகரிகமான சொற்களில், இன்னும் ஆழமாகக் குத்தும்படி சொல்கிறோம்?

பத்திரிகைத் தொழிலில் நான் கால்வைத்த நாட்களில், சிறுவிளம்பரங்களுக்குப் பிழை திருத்தும் வேலையும் என் தலையில் விழுந்தது. அது 1990களின் தொடக்கம். காணாமற்போதல் என்ற சொல்லுக்கு இந்நாட்டில் வேறொரு பயங்கரமான பொருள் இருந்த காலம். அத்தகைய அறிவித்தல்களின் நடுவே, பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் மாதங்களில் மட்டும் இன்னொரு வகை விளம்பரம் வரும். பிள்ளையின் படம் இருக்கும். வயது, உயரம், கடைசியாக உடுத்திருந்த சட்டையின் நிறம் இருக்கும். அதன் கீழே பெற்றோரின் வேண்டுகோள் இருக்கும். எங்கிருந்தாலும் வீட்டுக்கு வா, யாரும் ஏசமாட்டோம், படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டோம், அம்மா சாப்பிடாமல் இருக்கிறார் என்று. ஊரும் பெயரும் மாறும். வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டே நான் நினைப்பதுண்டு: சொல்லுக்கு இத்தனை என்று காசு கட்டிப் பத்திரிகையில் சொல்லும் இந்த வார்த்தைகளை, காசு செலவில்லாமல் வீட்டிலேயே ஒரு வாரம் முந்திச் சொல்லியிருக்கக்கூடாதா?

அத்தகைய அறிவித்தல்களுள் தமிழுலகில் யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1904 ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில், புலமைப்பரிசிலோடு பதினாறு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். கணிதம் தவிர வேறெதிலும் அவனுக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினான். புலமைப்பரிசில் பறிபோயிற்று. தகப்பனார் துணிக்கடையொன்றில் கணக்கர். மாத வருமானம் இருபது ரூபாய் அளவில். கல்லூரிக் கட்டணமோ ஒரு தவணைக்கு 32 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் அதிபரிடம் நேரில் சென்று வாதாடிப் பார்த்தார். அதிபர் இணங்கவில்லை. பையன் சில மாதங்கள் தாக்குப்பிடித்தான். 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். செப்டெம்பர் மாதத்தில் அவனைக் காணவில்லை என்ற அறிவித்தல் 'தி இந்து' நாளிதழில் வெளிவந்தது. அவன் பெயர் சீனிவாச இராமானுஜன்.

இந்தக் கதையை நம்மவர்கள் எப்போதும் தவறான இடத்திலிருந்தே சொல்கிறார்கள். 'பார், இராமானுஜனே பெயிலானவர்தான், நீயும் ஒருநாள் மேதையாவாய்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். எவ்வளவு கொடுமையான ஆறுதல் இது! தோற்ற பிள்ளைக்கு மன்னிப்பு வேண்டுமானால் அவன் மேதையாக வேண்டும் என்ற நிபந்தனை இதில் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் பிள்ளைகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் மேதைகள் ஆகப்போவதில்லை. அவர்களுக்கும் வீடு வேண்டும்.

அந்தக் கதையில் என் கண்ணுக்குப் படுவது வேறு. ஓடிப்போன பையன் திரும்பி வந்தான். 1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்தான். எஃப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தவறினான். 1907 இல் இன்னொரு தடவையும் தவறினான். பட்டமில்லை, தொழிலில்லை. அந்த வறிய வீட்டில் ஏச்சே இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டுக் கதவு மூடப்படவில்லை. திண்ணையில் இருந்து அவன் கணக்குப் போட்டான், உள்ளே அவனுக்குச் சோறு இருந்தது. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞன் வேலை கிடைத்தது, 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினான், 1918 இல் ரோயல் சொசைட்டி அவனை உறுப்பினனாக்கியது என்பதெல்லாம் பின்கதை. அது நடவாமலே போயிருக்கலாம். நடவாமற் போயிருந்தாலும் அந்தச் சோறு நியாயமான சோறுதான். பெற்றோர் என்பவர்களின் வேலை அந்தச் சோறு வரைக்கும்தான்; ஹார்டியைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலையன்று.

இனி, வில்கமுவப் பையனின் பெறுபேற்றை நாம் சரியாக வாசித்துப் பார்ப்போம்.

இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஒருபுறம், இடம் பெறுவோர் இன்னொருபுறம். 2022 ஆம் ஆண்டுப் பரீட்சையில் தகுதி பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 66 ஆயிரம் பேர். அனுமதிக்கு ஒதுக்கப்பட்டவை சுமார் 45 ஆயிரம் இடங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வில்கமுவவின் அயல் மாவட்டங்களான பதுளையும் பொலன்னறுவையும் அந்த 16 மாவட்டங்களில் அடங்கும். மாத்தளை அடங்காது. ஆகவே யானைக்காட்டின் ஓரத்து விவசாயியின் மகன், மாத்தளை நகரப் பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். இவன் போட்டியிட்டு வென்றிருக்கிறான். கணிதப் பிரிவில் படிப்பதற்காக உறவினர் வீட்டில் தங்கி, நகரத்துப் பாடசாலையில் படித்தான் என்று தகப்பன் சொன்னார். இப்படிப்பட்டவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு நமக்கு வாய் எப்படி வருகிறது?

வென்று உள்ளே போனவன் காலடி வைத்த முதல் வாரத்திலேயே மொழி மாறிவிடுகிறது. பதின்மூன்று ஆண்டுகள் தாய்மொழியில் படித்தவனுக்குப் பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்தில். நீரோட்டமும் விசையும் அவனுக்குத் தெரியும். ஆனால் விரிவுரையாளர் சொல்லும் வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. சில வார ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று கையைக் கழுவுகிற கல்வி முறை இது. ஒரு பருவம் என்பது பதினைந்து வாரங்கள். கேட்பது விளங்கத் தொடங்கும்போது பரீட்சை மண்டபத்தின் கதவு திறந்துவிடுகிறது. இங்கே சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. வில்கமுவவிலிருந்து போனவனும் முல்லைத்தீவிலிருந்து போனவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரே வாக்கியத்தைத் தவறவிடுகிறார்கள். மொழியின் பெயரால் இவ்வளவு இரத்தம் சிந்திய தேசம், இருவருக்கும் சேர்த்து ஒரு தடுப்புச் சுவரை எழுப்பி வைத்திருக்கிறது.

மொழிக்கு அடுத்தது பணம். மகாபொல புலமைப்பரிசில் நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்து, 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அறை வாடகை, சாப்பாடு, பிரதி எடுக்கும் செலவு, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் இதற்குள் அடக்கிப் பாருங்கள். பணத்துக்கு அடுத்தது பகிடிவதை. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் அதற்குப் பலியானார். மறு ஆண்டே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. முதல் வருட மாணவனின் இரவுகள் முழுமையாக அவனுக்குச் சொந்தமாகிவிட்டன என்று இன்றும் எவராலும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

பெறுபேற்றில் இருந்த அந்த 'ஈ' என்ற எழுத்துக்குள் இவை அனைத்தும் இருக்கக்கூடும். சோம்பலும் இருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. காதலும் இருக்கலாம், சீட்டாட்டமும் இருக்கலாம். எது இருக்கிறது என்று கண்டறிய ஒரே வழி அவனைக் கேட்பது. நாம் கேட்பதில்லை. தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். விசாரணை பிறகு வருகிறது, அல்லது வருவதேயில்லை. முப்பது வருடங்களாக நீதிமன்றச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வருகிறேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குக்கூட இதைவிடக் கூடுதலாகப் பேச வாய்ப்புக் கொடுக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களிடம் இன்னொன்றையும் பேச வேண்டும். புள்ளி என்றால் நமக்கு ஏன் இவ்வளவு வெறி? இந்த வெறிக்கு ஒரு வரலாறு உண்டு, அதை நான் மறக்கவில்லை. 1971 இல் மருத்துவ பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. தரப்படுத்தல் என்ற அந்த ஒற்றைச் சொல் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. புள்ளியை நம்மிடமிருந்து பறித்தார்கள், ஆகவே புள்ளியே நமது மானம் ஆயிற்று. இது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் அந்த அநீதி நமக்குக் கற்றுத்தந்திருக்க வேண்டிய பாடம் வேறு. 250 எடுத்தவனும் 229 எடுத்தவனும் யார் என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை, அவற்றுக்குப் பின்னாலிருந்த அரசியல்தான் சொன்னது. புள்ளி ஒரு மனிதனின் எடை ஆகாது என்பதை வேறெந்தச் சமூகத்தையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம். அநியாயமாக நம்மை அளந்த அந்தக் கோலை அரசின் கையிலிருந்து வாங்கி, நம் பிள்ளைகளை அளக்க வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

கடல் கடந்து போனவர்களும் அந்தக் கோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்காபரோவில் இருக்கும் என் பழைய நண்பர், நன்கு படித்தவர், மனித உரிமை பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். மகள் முதலாம் வருடத்தில் புள்ளி குறைந்தாள் என்று சந்தேகம் வந்ததும், பல்கலைக்கழக இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லைத் தனக்குத் தரும்படி அவளை வற்புறுத்தியிருக்கிறார். அமெரிக்காவில் 1974 இலேயே சட்டம் வந்தது. உயர்கல்வியில் சேர்ந்துவிட்ட மாணவரின் கல்விப் பதிவு மீதான உரிமை மாணவருக்கே உரியது என்று அது சொல்கிறது. அந்தக் கண்டத்தில் வாழ்ந்துகொண்டு நம் நண்பர் கடவுச்சொல் கேட்கிறார். மகள் கொடுத்தாள். அன்றிலிருந்து தகப்பனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவருக்கு அவளுடைய ஒவ்வொரு புள்ளியும் தெரியும். அவள் எந்த வீதியில் குடியிருக்கிறாள் என்பது இப்போது தெரியாது.

வில்கமுவப் பையனை இங்கே நினைத்துப் பாருங்கள். அவனிடம் யாரும் கடவுச்சொல் கேட்கவில்லை. தானாகவே உண்மையை அனுப்பினான். அந்த உண்மைக்குக் கிடைத்த பரிசு, வீட்டுக்கு வராதே என்ற ஆணை. அடுத்த பருவத்தில் ஒரு பிள்ளை பொய்ப் பெறுபேற்றை அனுப்பினால் அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

இவ்வளவும் எழுதியதும் வரப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். 'கண்டிக்காமல் விட்டால் கெட்டுப்போகும். நாங்கள் அடிவாங்கித்தான் ஆளானோம்' என்பார்கள். அடிவாங்கி ஆளானவர்களின் கடிதங்களே எனக்கு வரும். அடிவாங்கி உடைந்து போனவர்கள் கடிதம் எழுதுவதில்லை. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர் தொகை 13,044 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. அத்தனையும் புள்ளியால் நிகழ்ந்தவை என்று சொல்வது பொய்யாகும். காரணங்கள் பலவாகப் பின்னிக் கிடப்பவை. ஆனால் அந்தத் தொகையை அறிந்த பிறகும், 'ஒரு ஏச்சுத்தானே' என்று எவரும் இலேசாகச் சொல்லக்கூடாது.

'அப்படியானால் எல்லோரையும் தேறிவிட்டதாக அறிவித்துவிடலாமா?' என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்டில், பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்த கல்லூரி மாணவர்களின் அரியர் பாடங்கள் தேர்ச்சியாகக் கொள்ளப்படும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. மாணவர்கள் முதலமைச்சரைத் தெய்வமாக்கிப் பதாகை கட்டினார்கள். 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பரீட்சையின்றித் தேர்ச்சி என்பதை ஏற்க மறுத்துவிட்டது. தவறிய பாடத்தை இல்லாததாக்குவது அன்பாகாது. பிள்ளையால் அதைப் படித்துத் தேற முடியும் என்று நம்பாத செயல் அது. ஏச்சும் அதே அவநம்பிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. நான் கேட்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள கடினமான வேலையை: பிள்ளை தவறினான் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அவனோடு இருப்பதை.

'பொதுமக்கள் வரிப்பணத்தில் படிக்கிறவர்கள் பொறுப்பாக இருக்க வேண்டாமா?' என்ற கேள்வியும் வரும். வேண்டும். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது, கன்னங்கரவின் கனவு ஏழைப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக இருக்கவில்லை. உள்ளே போனவன் படித்து வெளியே வர வேண்டும். முதலாம் வருடத்தில் கிராமத்துப் பிள்ளைகள் வரிசையாகத் தடுக்கி விழும் ஒரு பீடத்தில், பிள்ளைகளை மட்டும் விசாரிப்பது எப்படி நீதியாகும்? நாம் வீட்டில் செலவழிக்கும் கோபத்தில் பாதியையாவது சேமித்து, பீடாதிபதிக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் கல்வி அமைச்சுக்கும் அனுப்பக்கூடாதா? கோமளத்தம்மாள் அதிபரின் வாசலுக்குப் போனார். பலிக்கவில்லை, ஆனாலும் போனார். பாடசாலை அனுமதிக்காக அரசியல்வாதியின் வீட்டுப் படியில் நிற்கக் கூசாத நாம், பிள்ளை ஏன் தவறினான் என்று கேட்கப் பீடத்தின் படியேறியதுண்டா?

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. பெறுபேறு கையில் வந்த அன்று, பிள்ளை காணாமற்போய்விட்டால் பத்திரிகையில் என்ன எழுதுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை பாடத்தில் பெயில் என்றா எழுதுவீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை 'ஏ' எடுத்தது என்றா எழுதுவீர்கள்? வீட்டுக்கு வா, யாரும் ஏசமாட்டோம் என்றுதானே எழுதுவீர்கள்? அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். எந்தப் பாடம் விளங்கவில்லை, திரும்ப எழுதும் திகதி எப்போது, ஆங்கிலத்துக்கு யாரைப் பிடிக்கலாம், கையில் காசு இருக்கிறதா, இரவில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றெல்லாம் கேட்கலாம். இந்தத் துறையே அவனுக்குப் பொருந்தவில்லை என்று தெரியவந்தால் அதையும் பேசலாம். பிள்ளையின் பேச்சில் இருள் தெரிந்தால், இலங்கையில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. அதை அழைப்பதில் மானக்கேடு எதுவும் இல்லை.

ஹெட்டிபொலவிலிருந்து திரும்பிப் பத்து நாள் கழித்து அந்தத் தகப்பன் எனக்கு அழைப்பெடுத்தார். மகனுடைய கைப்பேசி ஓய்ந்தே கிடந்ததால், அவரே பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று, வருகிற போகிற பிள்ளைகளிடமெல்லாம் மகனின் பெயரைச் சொல்லிக் கேட்டு, மாலையில் அவனைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"என்ன கேட்டீர்கள்?" என்றேன்.

"ஒன்றும் கேட்கவில்லை, மாத்தயா. அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலைக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு அவனே சொன்னான். முதல் மூன்று மாதமும் சேர் சொன்னது பாதிக்கு மேல் விளங்கவில்லையாம். கேட்க வெட்கமாம்."

தவறிய பாடத்தைத் திரும்ப எழுத விண்ணப்பித்திருக்கிறான். தேறுவானா என்று தகப்பனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.